புதன்கிழமைத் தயிர்சாதம்

ஆகஸ்ட் 18, வெள்ளி

மூன்றாவது மாடிக் குளியலறையில் யாரோ துணியை வாளியில் ஊறவைத்து இரண்டு நாளாக மறந்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததுமே என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. யாருடையது என்று விசாரித்தேன். விடுதியில் இருக்கும் நாற்பத்தாறு பேரும் "நான் இல்லை மேம்" என்றார்கள். செய்த தப்பை ஒத்துக்கொள்ளும் துணிச்சல் இந்தக் காலத்துப் பெண்களிடம் துளியும் இல்லை.

பாளையங்கோட்டையில் பெண்கள் விடுதிக்கா பஞ்சம்? ஆனால் சுத்தம் என்று வந்தால் எங்கள் விடுதியைத்தான் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக நான் வார்டன். தினமும் காலை ஆறு மணிக்கு மஞ்சள் துணியும் மல்லிகை வாசனைத் திரவமும் எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் ஆரம்பிப்பேன். குளியலறைக் குழாய்கள், தாழ்ப்பாள்கள், மாடிப்படிக் கைப்பிடி, சுவிட்சுகள் என்று துடைத்துக்கொண்டே இறங்கினால் ஆறே முக்காலுக்குச் சாப்பாட்டு மேசைகளும் குடிதண்ணீர்க் குழாயும் முடிந்துவிடும். இந்த வேலையை வேறு யாரையும் நம்பி விடுவதில்லை.

பெண்கள் எனக்கு "நாசினி மேம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிருமிநாசினியின் சுருக்கமாம். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை. அடையாள அட்டையோடு ஜெல் பாட்டிலையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிபவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சோப்பு எனக்கு ஒத்துவராது, தோல் வெடிக்கும். இரண்டு சொட்டு ஜெல், வேலை முடிந்தது.

சமையல்கார இசக்கியம்மாளிடம் இன்றும் சொல்ல வேண்டியிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் குழாயைத் திறந்துவிட்டு முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்க்கிறாள். ஆபரேஷனா செய்யப் போகிறாள்? தண்ணீர் லாரிச் செலவுக்கு யார் பதில் சொல்வது? "சரி வார்டனம்மா" என்றாள். சொல்லி முடித்து நான் திரும்புவதற்குள் மறுபடியும் குழாய்ச் சத்தம்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தென்காசியில் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா. கூட்டம் நெரிந்தது. தம்பியின் பேரன், ஒன்றரை வயது, என் மடியில் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தவன் திடீரென்று கக்கிவிட்டான். நல்ல பட்டுப்புடவை. குழந்தைதானே, பால் ஜீரணிக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், கைக்கு ஜெல் போட்டுக்கொண்டேன், பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டு முறை.

கை கழுவும் இடத்தில் சோப்பு இருந்தது. யார் யார் தொட்டதோ என்று நான் தொடவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தது. நான்கு முறை வாந்தி, மற்றதை எழுத வேண்டாம். விழா வீட்டு நெய்யின் வேலை. பித்தம்.

இசக்கியம்மாள்தான் வந்து பார்த்தாள். என்னைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு என் குளியலறையைக் கழுவினாள். பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணை எரித்தது. "இவ்வளவு எதுக்கு இசக்கி, பித்தத்துக்கு?" என்றேன்.

"பித்தமோ என்னமோ, எதுக்கும் இருக்கட்டும். ரெண்டு மூணு நாளைக்கு நீங்க கீழ வராண்டாம். கஞ்சி மேலயே வந்துரும்" என்றாள்.

நல்லவள்தான். கொஞ்சம் அதிகாரம் செய்கிறாள்.

ஆகஸ்ட் 23, புதன்

உடம்பு பூரணமாகத் தேறிவிட்டது. காலைச் சுற்று வழக்கம் போல முடிந்தது.

இசக்கியம்மாள் இன்று லீவு. அவள் ஊரில் தங்கை மகளுக்குக் காது குத்தாம். மதியச் சாப்பாடு கட்டுவதற்குக் காய் நறுக்கும் அம்மாள் மட்டும் இருந்தாள். தயிர்சாதத்தை அவள் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. தயிர்சாதம் கையால் பிசைந்தால்தான் குழையும். அவளை நகரச் சொல்லிவிட்டு, ஜெல் போட்டுக்கொண்டு, அண்டாவில் நானே கைவிட்டுப் பிசைந்தேன். மாதுளை முத்துகள், துருவின மாங்காய், இஞ்சி. நாற்பத்தாறு டிபன் பாக்ஸ். இரண்டு மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், துரதிர்ஷ்டசாலிகள்.

மாலையில் மெஹர்பானு தேடி வந்தாள். வங்கித் தேர்வுக்காகக் கடையநல்லூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பெண். "மேம், இன்னைக்கு சாதம் சூப்பர். பக்கத்து பெட் அக்கா வேண்டாம்னு சொன்னதையும் நானே சாப்பிட்டுட்டேன்" என்றாள். பதினோரு வருடத்தில் என் சமையலை ஒருத்தி பாராட்டுவது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

காலையில் ஆறு பேருக்கு வாந்தி பேதி. மதியத்துக்குள் பதினான்கு. மாடிப்படியிலேயே இருவர் வாந்தி எடுத்தார்கள். நானே மஞ்சள் துணியால் துடைத்து, அலசி, மற்ற கைப்பிடிகளையும் துடைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. இசக்கியம்மாள் புதன்கிழமை ஊருக்குப் போனாள். கிராமத்துக் காது குத்து, கண்ட தண்ணீர். வியாழக்கிழமை வந்து சமைத்தாள். வெள்ளிக்கிழமை வியாதி. கணக்கு சரியாக வருகிறது.

அவளிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லையே வார்டனம்மா. அங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருப்பது போல. பிள்ளைகளுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 26, சனி

பத்தொன்பது பேர். மெஹர்பானு குளியலறையில் மயங்கி விழுந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ட்ரிப்ஸ் ஏறுகிறது. நாளை அவளுக்குத் தேர்வு. இரண்டு வருடப் படிப்பு. ஊசி குத்தின கையைத் தூக்கிக் காட்டி, "மேம், இந்தக் கையால எழுத முடியாதா?" என்றாள். நர்ஸ், "எழுந்து உட்காரு முதல்ல" என்றாள். உட்கார முடியவில்லை.

அவள் அப்பா வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்கதாம்மா பக்கத்துல இருந்து பாத்தீங்களாம், ரொம்ப நன்றி" என்று கும்பிட்டார்.

மாலை விடுதிச் செயலாளர் குணசீலன் போன் செய்தார். "யாரால வந்துச்சுன்னு தெரிஞ்சுதாம்மா? பெத்தவங்க கேட்டா ஒரு பதில் வேணும்ல."

"சமையல்காரி ஊருக்குப் போய் வந்தாள்" என்றேன். அது உண்மைதானே.

"அப்ப நிறுத்திடுங்க. இன்னைக்கே."

இசக்கியம்மாளிடம் சொன்னேன். ஒன்பது வருடம் வேலை செய்தவள், சண்டை போடுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் அடுப்பை அணைத்தாள், மேடையைத் துடைத்தாள், கை கழுவினாள். வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவினாள். இன்று நான் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஓட்டலில் இருந்து சாப்பாடு வருகிறது. நான் ஒரு நாளைக்கு மூன்று முறை துடைக்கிறேன். திரவம் தீர்ந்துபோய் இரண்டு பாட்டில் வாங்கினேன், இந்த முறை ரோஜா வாசனை.

இன்று புதிதாக ஐந்து பேர். இசக்கியம்மாள் போன பிறகும். இவர்களில் இருவர் புதன்கிழமை சாதம் வேண்டாம் என்றவர்கள். பிறகு எப்படி?

அவள் விட்டுவிட்டுப் போன கிருமியாக இருக்கும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

மாநகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்திருந்தார். செண்பகவல்லி என்று பெயர், முப்பது வயதுகூட இராது. ஆஸ்பத்திரிக்காரர்கள் தகவல் கொடுத்திருக்கிறார்கள். என் ஏற்பாடுகளைப் பெருமையோடு சுற்றிக் காட்டினேன். அவர் எங்கேயும் தலையாட்டவில்லை.

"துடைக்கிறது எந்தத் துணி மேடம்?"

மஞ்சள் துணியைக் காட்டினேன்.

"மாடிக்கு ஒண்ணா?"

"இல்லை. எல்லாவற்றுக்கும் இதேதான். நானேதான் துடைக்கிறேன்."

"பாத்ரூம் குழாய்ல ஆரம்பிச்சு, சாப்பாட்டு மேசைல முடிப்பீங்களா?"

அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் அதுதான் வரிசை.

அவர் கோபப்படவில்லை. உட்காரவைத்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். இது வாந்தி பேதி வைரஸாக இருக்கலாம், மாதிரி எடுத்திருக்கிறார்களாம். இப்படிப்பட்டது ஜெல்லுக்கு அவ்வளவாக அடங்காது. சோப்பு போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். வாசனைத் திரவம் வாசனைக்குத்தான். வாந்தி பட்ட இடத்தை முதலில் அள்ளிச் சுத்தம் செய்து, பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும். குளியலறைத் துணி குளியலறையோடு நிற்க வேண்டும். கையுறை போட வேண்டும். வாந்தி நின்ற பிறகும் இரண்டு நாளாவது அந்த ஆள் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். ஒவ்வொரு பெண்ணும் எந்த நாள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுக் கட்டம் போட்டு வைத்திருந்தார். "முதல்ல படுத்த பத்தொன்பது பேரும் புதன்கிழமை தயிர்சாதம் சாப்பிட்டவங்க. அதை யார் கலந்தது?"

"சமையலறையில்தான்" என்றேன்.

"சமையல்காரம்மாவா?"

"அவள் அன்றைக்கு லீவு."

"அப்ப யாரு?"

காய் நறுக்கும் அம்மாள் வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"பலபேர் சேர்ந்து செய்தோம்" என்றேன்.

"அவங்கள்ல யாருக்காவது அதுக்கு முன்னால வாந்தி, வயித்துப்போக்கு?"

"இல்லை."

பித்தத்தை யாராவது வியாதிக் கணக்கில் சேர்ப்பார்களா? அவர் கேட்டது வைரஸைப் பற்றி.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

இன்று எழுத ஒன்றும் இல்லை. மஞ்சள் துணியை எரித்தேன்.

ஆகஸ்ட் 30, புதன்

பிளீச்சிங் கரைசல், தளத்துக்குத் தனித்தனித் துணி, எல்லா வாஷ்பேசினிலும் சோப்பு. திங்களுக்குப் பிறகு புதிதாக யாருக்கும் இல்லை. செயலாளருக்குச் சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

மாலை தம்பி மனைவி பேசினாள். கிருகப்பிரவேச வீடியோ அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? பேரனுக்கு வாந்தி நிக்கவே மூணு நாள் ஆச்சு. அன்னைக்கு வந்தவங்கள்ல பதினோரு பேருக்கு அப்படியே. சமையல்காரரத்தான் நாங்க ஏசிக்கிட்டு இருக்கோம்" என்றாள்.

பதினோரு பேருக்கும் ஒரே நாளில் பித்தமா?

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அண்டாவுக்குள் முழங்கை வரை போன கை. அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 31, வியாழன்

இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் முதல் முறை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஓட்டு வீடு. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். "வாங்க வார்டனம்மா" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். காப்பி கொடுத்தாள். வழியெல்லாம் நான் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். காப்பியைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"இசக்கி, அன்றைக்கு எனக்கு வந்தது…"

"பித்தம் இல்ல" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"பாத்ரூம கழுவுனது யாரு? நானா, வேற ஆளா? ஊர்ல இருந்து வந்ததும் காய் நறுக்குற அக்கா சொன்னா, நீங்க கையவிட்டுப் பிசஞ்சியன்னு. அன்னைக்கே நெனச்சேன், இது நல்லதுக்கில்லன்னு."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"யார்ட்ட சொல்ல? செகரட்டரி ஐயாட்ட சொன்னா, சமையக்காரி தப்பிக்கதுக்கு வார்டன் மேல பழி போடுதான்னுதான சொல்லுவாவ. உங்கட்ட என்னத்தச் சொல்ல? உங்களுக்குத்தான் தெரியும்லா. வெள்ளிக்கிழம கேட்டியள்லா, அப்பவே நீங்களே சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

கல்யாண மண்டபச் சமையலுக்குக் கேட்டுப் போனாளாம். "நீ அந்த வாந்தி ஹாஸ்டல் சமையக்காரிலா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு, "என்ட்ட மட்டும் கேட்டுப் போதுமா வார்டனம்மா?" என்றாள்.

செப்டம்பர் 1, வெள்ளி

செயலாளர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை யார்ட்டயும் சொல்லலையே?"

"இசக்கியம்மாளுக்குத் தெரியும்."

"அது போகட்டும். அம்மா, சமையல்காரிய நிறுத்தினதோட பிரச்சினை முடிஞ்சிருச்சு. எல்லாருக்கும் நிம்மதி. இப்ப வார்டனாலதான் வந்துச்சுன்னு போனா அட்மிஷன் என்ன ஆகும்? நீங்க ராத்திரி பகலா உழைச்சு நோயைக் கட்டுப்படுத்தினீங்க. அஞ்சாம் தேதி நம்ம விடுதி ஆண்டு விழாவுல உங்களுக்குப் பொன்னாடை போடுறதா கமிட்டியில முடிவு பண்ணிட்டோம்."

கட்டுப்படுத்தியது நானா? நான் செய்ததெல்லாம் அந்தப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அதிலும் பாதி, இசக்கியம்மாள் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

மெஹர்பானு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அடுத்த தேர்வுக்கு ஒரு வருடம் இருக்கிறதாம், அதுவரை ஊரில் இருக்கச் சொல்கிறார்களாம். "இசக்கியக்காவ நினைச்சாத்தான் கோவம் வருது மேம். கைய கழுவுனா என்னவாம் அவங்களுக்கு?" என்றாள்.

நான் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, அவள் டேப் ஒட்டினாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

சாப்பாட்டு அறையில்தான் விழா. எல்லாப் பெண்களும், கமிட்டிக்காரர்கள் நால்வரும், பெற்றோர் சிலரும். செயலாளர் என்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். சுத்தத்தின் மறு உருவம் என்றார். பொன்னாடை போர்த்தினார். கைதட்டினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள்.

நன்றி என்று இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருக்கலாம். மூன்றாவது வரிசையில் மெஹர்பானுவும் அவள் அப்பாவும் இருந்தார்கள். அவர் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"இசக்கியம்மாளால் யாருக்கும் வியாதி வரவில்லை. எனக்குத்தான் முதலில் வந்தது. மறுநாளே சோப்பு போட்டுக் கை கழுவாமல் உங்கள் சாதத்தைப் பிசைந்தேன். பிறகு ஒரே துணியால் துடைத்து மூன்று மாடிக்கும் பரப்பினேன். ஆய்வாளர் கேட்டபோது பொய் சொன்னேன்" என்றேன்.

மைக் வேலை செய்யவில்லை. ஒருவருக்கும் காதில் விழவில்லை. பின்வரிசையில் ஒரு பெண், "மேம், கேக்கல!" என்றாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் முதலிலிருந்து, சத்தமாக, மறுபடி சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவைதான் கஷ்டமாக இருந்தது. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கு இப்போது தெரிந்திருந்தது.

செயலாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஹர்பானுவின் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவள் மட்டும் என்னிடம் வந்தாள்.

"எனக்கு அந்தச் சாதம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு மேம்" என்றாள். அவ்வளவுதான். அழுதுகொண்டே போனாள்.

செப்டம்பர் 6, புதன்

ஆய்வாளர் செண்பகவல்லிக்கு எழுத்து மூலமாகக் கொடுத்தேன். படித்துவிட்டு, "முதல்ல ஆறு பேர் படுத்த அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டாவதா படுத்தவங்கள்ல சிலரையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கமிட்டியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். ஏழு நாள் அவகாசம். இன்றைக்கே பதில் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

முப்பத்தெட்டுப் பெண்கள் கையெழுத்துப் போட்டு இசக்கியம்மாளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கமிட்டிக்கு மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து மெஹர்பானு. ஊருக்குப் புறப்படும் முன் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஓட்டல் சாப்பாட்டில் கமிட்டிக்கும் அலுத்துவிட்டது. சம்மதித்துவிட்டார்கள்.

நானே போய்க் கூப்பிட்டேன். "வாரேன். ஆனா அடுப்படில நான் சொல்லுததுதான். யாரா இருந்தாலும்" என்றாள்.

"யாராக இருந்தாலும்" என்றேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

இசக்கியம்மாள் வந்த முதல் நாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னை யாரும் சூழவில்லை. "நாசினி மேம்" என்று இப்போதெல்லாம் யாரும் முணுமுணுப்பதில்லை. வெறும் "மேம்".

பதினோரு மணிக்குச் செயலாளர் கமிட்டிக்காரர் இருவரோடு வந்தார். என் விஷயத்தில் இன்னும் முடிவெடுக்கவில்லை, அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருப்பார். வாசலிலேயே பாயச வாசனை. "என்ன, தடபுடலா இருக்கு?" என்றபடி நேரே சமையலறைக்குள் நுழைந்து, முந்திரித் தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

இசக்கியம்மாள் தட்டை எடுத்து நகர்த்திவைத்தாள்.

"ஐயா, கைய கழுவிட்டு எடுத்துக்கிடுங்க."

செயலாளர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "காருல இருந்துதானம்மா நேரா வாரேன்" என்றார்.

"கார்க் கதவத் தொட்டியள்லா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். இவளைக் கண்டியுங்கள் என்று அர்த்தம். என் வேலை இருப்பதும் போவதும் அவர் பையில் இருக்கும் காகிதத்தில் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் போய்க் குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"விரல் இடுக்குலயும் தேயுங்க சார்" என்றேன்.